தென்காசி, மணத்தி, கோவில்பட்டி: வீரரின் புகழும் ஊரில் தங்கும் ஆட்டமும்

பழைய திருநெல்வேலி மாவட்டம் 1986-இல் ஒருமுறையும் 2019-இல் இன்னொருமுறையும் பிரிக்கப்பட்டது. முதல் பிரிவினையில் கோவில்பட்டியும் மணத்தியும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் பக்கம் போயின. அடுத்த பிரிவினையில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆனாலும் பெண் கொடுத்து எடுப்பதிலும், கோயில் கொடை விழாவுக்குப் போய்வருவதிலும், பேச்சிலும் இந்த மூன்று ஊர்களும் இன்றைக்கும் ஒரே சீமைதான். விளையாட்டை வைத்துப் பார்த்தாலும் இவற்றைச் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது என் கருத்து. தென்காசியின் பெயர் டென்னிஸோடும், மணத்தியின் பெயர் கபடியோடும், கோவில்பட்டியின் பெயர் ஹாக்கியோடும் சேர்ந்து வருகிறது. ஆனால் அந்தந்த ஆட்டம் அந்தந்த ஊரில் இன்று எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், மூன்று ஊர்களும் மூன்று விதமான பதிலைச் சொல்கின்றன.

உலகப் புகழ் பெற்ற ஒரு வீரரைத் தந்த ஊரில்தான் அந்த ஆட்டம் செழித்திருக்க வேண்டும் என்று தோன்றும். நம் சீமையில் நடந்திருப்பது அதற்கு நேர்மாறானது. ஏன் அப்படி நடந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்காசி: ஒரு வீட்டோடு வந்து, அந்த வீட்டோடு போன டென்னிஸ்

1937-இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனின் சிறுவயது தென்காசியோடு பிணைந்தது. அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை டி.கே. ராமநாதன், அவரும் பெயர்பெற்ற டென்னிஸ் வீரர். பயிற்சியாளரும் ஆசானும் தந்தையும் ஒருவராகவே இருந்ததால், பையனின் ஆட்டத்தில் இருந்த ஒவ்வொரு குறையும் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசப்பட்டிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். 1951-இல், அவருக்கு 14 வயது நிறையும் முன்பே, கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமேயான பெர்ட்ராம் டென்னிஸ் போட்டியில் ஆடச் சென்னை லயோலா கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்தார். பள்ளிச் சிறுவன் கல்லூரி மாணவர்களைத் தோற்கடித்து அந்தப் போட்டியை வென்றான்.

1954-இல் விம்பிள்டன் சிறுவர் பிரிவில் அவர் பட்டம் வென்றார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியர் ஆஷ்லி கூப்பர், நான்கே ஆண்டுகளில், 1958-இல், ஆடவர் பட்டத்தையே வென்றவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கிருஷ்ணன் எந்தத் தரத்தில் ஆடினார் என்பது விளங்கும். 1960-லும் 1961-லும் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல்முறை நீல் ஃபிரேசரிடமும், மறுமுறை ராட் லேவரிடமும் தோற்றார். அந்த இருவருமே அந்தந்த ஆண்டின் பட்டத்தை வென்றவர்கள். 1961-இல் கால் இறுதியில் அவர் வீழ்த்திய ராய் எமர்சன் பிற்காலத்தில் இருமுறை விம்பிள்டன் சாம்பியனானார். 1962-இல் நான்காம் தரவரிசை கொடுக்கப்பட்ட நிலையில், கணுக்கால் காயத்தால் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது.

அவருடைய ஆட்டத்தில் வலிமை குறைவு, சர்வீஸும் மெதுவானது. எதிராளி அடிக்கும் வேகத்தையே கடன் வாங்கி, பந்தை அந்த எதிராளிக்கு எட்டாத கோணத்தில் வைப்பதுதான் கிருஷ்ணனின் வித்தை. இப்படி ஆடுகிறவருக்குத் தோள் பலத்தைவிட, பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போதே அது எங்கே விழும் என்று அறியும் கண் வேண்டும்.

1966-இல் நடந்த டேவிஸ் கோப்பை (நாடுகளின் அணிகள் மோதும் டென்னிஸ் போட்டி) ஆட்டத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்கத்தாவில் பிரேசிலோடு நடந்த அந்த மோதல் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே நின்ற தாமஸ் கோச் இரண்டு செட்களை வென்றிருந்தார். கிருஷ்ணன் வென்றது ஒன்றுதான். நான்காவது செட்டிலும் கோச் 5-2 என்று முன்னிலையில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு கேம் போனால் இந்தியாவின் கதை முடிந்துவிடும் என்ற இடத்திலிருந்து கிருஷ்ணன் தொடர்ச்சியாக ஐந்து கேம்களை வென்று அந்த செட்டை 7-5 என்று எடுத்தார். ஐந்தாவது செட் 6-2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றாலும், நியூகோம்ப், ரோச் இணையை இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் தோற்கடித்தார்கள். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே அது அவருக்குக் கிடைத்தது. 1962-இல் பத்மஸ்ரீ, 1967-இல் பத்மபூஷண்.

அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும் பிரெஞ்சு சிறுவர் பட்டத்தையும் வென்றார். தந்தை வென்ற அதே பட்டத்தை 25 ஆண்டுகள் கழித்து மகனும் வென்றது அரிதிலும் அரிது. 1987-இல் டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போன அணியில் அவரும் இருந்தார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வென்றார்.

இவ்வளவும் ஒரே குடும்பத்தில் நடந்தது. ஆய்வின் முதல் விடையும் இங்கேதான் கிடைக்கிறது. ஆசான் வீட்டிலேயே இருந்ததால் ஆட்டமும் வீட்டிலேயே வளர்ந்தது. குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தபோது ஆட்டமும் கூடவே பெயர்ந்துவிட்டது. பிற்காலத்தில் தந்தையும் மகனும் பயிற்சி மையம் நடத்தியதும் சென்னையில்தான். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பந்தும் மட்டையும் அப்போது எளிதில் கிடைக்காத பொருள்கள். மட்டைக்கு நரம்பு கட்டத் தெரிந்த ஆள் பெரிய நகரங்களில்தான் இருந்தார். நம் ஊர்களில் டென்னிஸ் களம் என்பது பெரும்பாலும் அதிகாரிகள் மன்றத்தின் மதிலுக்குள் இருந்தது; தெருப் பையன் பந்து பொறுக்கிப் போடலாம், மட்டை பிடிக்க முடியாது. தென்காசி என்றவுடன் கோபுரத்தையும், ஆனி ஆடியில் குற்றாலத்திலிருந்து வரும் சாரலையும் சொல்கிறவர்கள், விம்பிள்டன் அரையிறுதியைச் சொல்லாமல் விட்டதற்கு அந்த மதில் ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

மணத்தி: மண்ணில் தொடங்கி விரிப்பில் முடிந்த கபடி

கபடி 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில்தான் பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. அடுத்து 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியைச் சேர்ந்த கணேசன் இருந்தார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அன்று முதல் அவர் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. மணத்தி கணேசன் என்றால்தான் நம் பக்கத்தில் ஆளைத் தெரியும். ஊர் ஒருவரைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளும் முறை இது.

அந்தக் காலத்தை மறந்துவிட்டு அவருடைய சாதனையை எடைபோட முடியாது. 1990-களில் தென் மாவட்டங்கள் சாதி மோதல்களால் கொந்தளித்துக் கிடந்தன. அன்று ஒரு கிராமத்து இளைஞன் வேற்றூர்க் களத்தில் இறங்கி, அந்த ஊர் ஆட்களைத் தொட்டுவிட்டுத் திரும்புவது வெறும் புள்ளிக் கணக்காக மட்டும் பார்க்கப்படவில்லை. ஆட்டம் முடிந்து பேருந்து ஏறும்வரை வீட்டில் உள்ளவர்களுக்கு நிம்மதி இருக்காது. அத்தகைய சூழலிலிருந்து நாட்டுக்காக ஆடும் நிலைக்கு ஒருவர் வந்ததை, பதக்கத்தின் எடையை மட்டும் வைத்து அளக்க முடியாது.

கபடி நம் சீமையில் எப்படித் தங்குகிறது என்பதை ஒரு களத்தைத் தயார் செய்வதைப் பார்த்தாலே அறியலாம். கொடைக்கோ பொங்கலுக்கோ இரண்டு மூன்று நாள் முன்பே இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறார்கள். தரையைக் கொத்திப் புரட்டி, கல்லையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கி, ஆற்று மணலைச் சல்லடையில் சலித்துப் பரப்பி, மாலையில் தண்ணீர் தெளித்து இறுக விடுகிறார்கள். வெறுங்காலோடு ஒருவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்க்கிறார். உள்ளங்காலில் எதுவும் குத்தவில்லை என்றால்தான் சுண்ணாம்புத் தூளில் கோடு விழும். நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். டேப் இல்லாத ஊரில் அடியால் அளந்தே போட்டுவிடுவார்கள். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எட்டு வயதுச் சிறுவன்தான் பத்து ஆண்டுகள் கழித்து அங்கே பாடிப் போகப் போகிறவன். இந்த ஆட்டத்துக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், மதிலும் இல்லை. ஆகவே வீரர் ஊரைவிட்டுப் போனாலும் ஆட்டம் போகவில்லை.

ஆனால் இன்றைய பெரிய போட்டிகள் செயற்கை விரிப்பில் நடக்கின்றன. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக் விரிப்பில்தான் நடக்கிறது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் அதில் சேர்ந்தது. மண்ணில் குதிகாலை ஊன்றினால் கால் சற்றே புதைந்து நிற்கும். விரிப்பில் ஷூ பிடித்து நிறுத்திவிடும், உடல் மட்டும் திரும்பும். விரிப்பிலேயே வளராத பையன் முதல் முகாமிலேயே முட்டி ஜவ்வைக் கிழித்துக்கொண்டு வீடு திரும்புவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். அவனுக்கு மூச்சும் இருந்தது, கண்ணும் இருந்தது; பழக ஒரு விரிப்புத்தான் இல்லை. நான் படித்த பள்ளியில் கபடிக் களம் இருந்த இடத்தில் இன்று கட்டடம் நிற்கிறது. வகுப்பறை வேண்டியதுதான். அதற்கு ஈடாக வேறு ஓர் இடத்தை யாரும் கேட்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கோவில்பட்டி: ஒற்றைப் பெயரை நம்பாத ஹாக்கி

தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் வாங்கிய கரிசல் ஊரில் ஹாக்கி எப்படி வேர்பிடித்தது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். கிருஷ்ணனைப் போல ஒரே பெயரைச் சொல்லி விளக்க இங்கே முடியாது. பல தலைமுறைகளாக ஊர் அணிகளும், பள்ளி அணிகளும், ஆண்டுதோறும் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியும் சேர்ந்து இதைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

அந்தப் போட்டியின் பயனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ரயில்வே, வங்கி, படைப்பிரிவு அணிகளின் ஆட்டக்காரர்கள் ஊருக்கு வந்து தங்கி, ஊர்க் கடையில் டீ குடித்து, ஊர்ப் பையன்கள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்க ஆடுகிறார்கள். தொலைக்காட்சியில் பந்து எங்கே போகிறது என்பது மட்டுமே தெரியும். கோட்டோரத்தில் உட்கார்ந்தால், பெனால்டி கார்னர் எடுப்பதற்கு முன் தடுப்பாளர் எந்தக் காலில் எடையை வைத்து நிற்கிறார் என்பதுகூடத் தெரியும். ஆட்டக்காரரின் சட்டையில் எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பையன் படிக்கிறான். இந்த ஆட்டத்துக்கு ஒரு வேலை உண்டு என்பதும் அப்போதுதான் அவன் வீட்டாருக்கு உறைக்கிறது. நம் ஊர்களில் பெற்றோர் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பலாமா என்று முடிவெடுப்பது அந்த வேலையை வைத்துத்தான். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடும் இதே காரணத்தால்தான் கிராமத்துக் களங்களில் கூட்டத்தைக் கூட்டுகிறது.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இரண்டு தமிழக இளைஞர்கள் இடம்பெற்றார்கள். ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். கார்த்தி தேறியதும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில்தான். பாகிஸ்தானோடு 1-1 என்று சமனில் முடிந்த முதல் ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் அவர். அந்தத் தொடரில் இந்தியா வெண்கலம் வென்றது. 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி இருந்தார். இந்த இருவரில் எனக்குப் பெரிதாகப்படுவது கார்த்தியின் வரவு. தன் பிள்ளையை வளர்ப்பது எந்த ஊரும் செய்யக்கூடியது. 250 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த பையனை வாங்கி வளர்த்து நாட்டுக்குக் கொடுக்க, அங்கே ஓர் ஏற்பாடு உறுதியாக நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் ஆபத்து வந்து போனது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஆடப்பட்டது. அதுவரை எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்கு விழுந்தது. கோவில்பட்டிக்கு டர்ஃப் எனப்படும் அந்தச் செயற்கைத் தளம் வந்தது அதற்குச் சுமார் 40 ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியில் மண்ணிலேயே ஆடி வளர்ந்த எத்தனையோ திறமையானவர்கள் மாநில அணியின் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மண்ணில் பந்து துள்ளும். ஆகவே மட்டையைத் தளர்த்திப் பிடித்து, பந்தை அமர்த்தி, பிறகு அடிக்க வேண்டும். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். அமர்த்துவதற்குள் எதிராளி வந்துவிடுவான். இருபது வயதுக்குமேல் இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது மிகக் கடினம்.

பிற இடங்களின் அனுபவம்

பஞ்சாபில் ஜலந்தர் அருகே உள்ள சன்சார்பூர் என்ற கிராமம் ஒலிம்பிக் ஹாக்கி வீரர்கள் 14 பேரைத் தந்தது. 1975-இல் உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் அஜித்பால் சிங்கும் அந்த ஊர்க்காரர்தான். செயற்கைத் தளம் வந்தபின் அந்த ஊரின் வரிசை அறுந்துபோனது. அத்தனை பெரிய பெயர்கள் இருந்தும், சரியான தளம் சரியான காலத்தில் வராததால் ஊரின் பெருமை பழங்கதையாகிவிட்டது. கோவில்பட்டி அந்தக் கதிக்கு மிக அருகே போய், போட்டியும் விடுதியும் விடாமல் நடந்ததால் தப்பியது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கத்தை இழந்த பி.டி. உஷா, 2002-இல் தன் சொந்த வட்டாரமான கோழிக்கோடு மாவட்டத்திலேயே ஓட்டப் பள்ளி தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 800 மீட்டரில் தேசியச் சாதனை படைத்தார். 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், அரசு கொடுத்த நிலத்தில் ஐதராபாத்தில் இறகுப்பந்துப் பயிற்சி மையம் கட்டினார். 2012-இல் சாய்னாவின் வெண்கலமும் 2016-இல் சிந்துவின் வெள்ளியும் அங்கிருந்து வந்தவை. இந்த இருவரும் தங்கள் பெயரை நிலமாகவும் கட்டடமாகவும் மாற்றிக்கொண்டார்கள். அதற்கு அரசும் நன்கொடையாளர்களும் கைகொடுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தனி ஒரு வீரரின் நல்லெண்ணத்தால் மட்டும் ஆகிற வேலை அன்று.

நம் சீமையில் செய்யத்தக்கவை

மூன்று ஊர்களில் கோவில்பட்டியின் தேவைதான் மிகச் சிறியது, ஆனால் மிக அவசரமானது. ஹாக்கி டர்ஃபை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். நனையாத தளத்தில் விழுந்தால் தோல் உரிந்துவிடும், இழைகளும் விரைவில் தேயும். குடிதண்ணீருக்கே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி குழாயில் வந்து சேர வேண்டிய ஊரில், கோடையில் ஒரு டர்ஃபை நனைப்பது எளிதான காரியமில்லை. விரிப்பு பழசானால் மாற்றுவதற்கான தொகையும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். புதுத் தளம் திறப்பதற்குப் பணம் கிடைப்பதுபோல, பழைய தளத்தைப் பேணப் பணம் கிடைப்பதில்லை.

மணத்தி வட்டாரத்துக்கு வேண்டியது, பாளையங்கோட்டை வரை பேருந்தில் போகாமல் பயிற்சி செய்ய ஒரு கூரையும் அதன் கீழே ஒரு கபடி விரிப்பும், முட்டிக் காயத்தை முதல் நாளே பார்த்துச் சொல்லத் தெரிந்த ஓர் ஆளும். மண் களங்கள் அப்படியே இருக்கட்டும். அவை இல்லாமல் விரிப்புக்கு வர ஆள் இருக்காது.

தென்காசிக்கு என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. கிருஷ்ணனின் பெயரில் ஒரு வளைவையோ சிலையையோ வைத்தால் அந்தப் பெயர் நிற்கும், பந்து துள்ளாது. என் எண்ணம் எளிமையானது: மதில் இல்லாத இரண்டு மண் தளங்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரவலாகக் கொடுக்க இருபது மட்டைகள், மட்டைக்கு நரம்பு கட்டப் பழகிய ஓர் உள்ளூர்க்காரர், ஆண்டுக்கு ஒருமுறை, சாரல் ஓய்ந்த புரட்டாசியில், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி ஒன்று. கல்லூரிப் போட்டியில் ஆட அனுமதி கேட்டு நின்ற வயதில்தான் கிருஷ்ணனும் அன்று இருந்தார்.